டாக்டர் பட்டத்துக்குப் பிறகு என்ன?

புழல் ஏரியை நீங்கள் பார்த்திருக்கலாம். சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் போகும் வழியில் இருக்கிறது. நிரம்பினால் 3,300 மில்லியன் கன அடி நீர் கொள்ளும். நம் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 9,300 கோடி லிட்டர்! பூண்டியிலிருந்தும் சோழவரத்திலிருந்தும் கால்வாய் வழியாக நீர் இங்கே வந்து சேருகிறது.

ஆனால் அந்த நீர் புழலிலேயே தங்கிவிடுவதற்காக வரவில்லை. சில காலம் தங்கி, பிறகு சுத்திகரிப்பு நிலையத்துக்கும் அங்கிருந்து குழாய்கள் வழியே வீடுகளுக்கும் போகிறது. போகும் வழியை எல்லாம் அடைத்துவிட்டால் என்ன ஆகும்? வெயிலில் ஒரு பகுதி ஆவியாகும். மழைக் காலத்தில் மிஞ்சியது உபரிநீர்க் கால்வாயில் பாய்ந்து எண்ணூர்ப் பக்கம் கடலில் கலக்கும். இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்த நீர் யாருக்கும் பயன்படாது.

ஏரி என்றால் வரத்துக் கால்வாய் மட்டும் போதாது, மதகும் வேண்டும். இது நம் ஊர் விவசாயிகள் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. இதே உண்மை விஞ்ஞானிகளின் வாழ்க்கைக்கும் பொருந்தும். எப்படி என்று காண்போம்.

ஒரு சிறு கணக்கு

புழலில் ஒரு மாணவி பிளஸ் டூ படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு உயிரியலில் ஆர்வம். விஞ்ஞானி ஆக வேண்டும் என்பது ஆசை. 18 வயதில் பள்ளிப் படிப்பு முடிகிறது. பி.எஸ்ஸி.க்கு 3 ஆண்டுகள், எம்.எஸ்ஸி.க்கு 2 ஆண்டுகள். வயது 23. பிறகு ஆராய்ச்சியில் சேருகிறாள். டாக்டர் பட்டத்துக்கு 5 ஆண்டுகள் என்று கொண்டால் வயது 28. இந்தப் பட்டத்தை இப்போது முனைவர் பட்டம் என்கிறோம்.

'அப்பாடா, இனி வேலைதான்' என்று வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் அறிவியல் துறைகள் பலவற்றில் அதற்குப் பிறகும் ஒரு கட்டம் உண்டு. டாக்டர் பட்டம் பெற்றவர் ஒரு பல்கலைக் கழகத்திலோ ஆராய்ச்சி நிலையத்திலோ இரண்டு, மூன்று, சில சமயம் ஐந்து ஆண்டுகள் கூடத் தற்காலிகமாக ஆராய்ச்சி செய்வார். இவருக்கு 'முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்' என்று பெயர். பெயர் நீளமாக இருப்பதால் ஆராய்ச்சிக் கூடங்களில் 'போஸ்ட்டாக்' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம். நம் நாட்டு ஆராய்ச்சித் திட்டங்களில் 'ரிசர்ச் அசோசியேட்' என்ற பதவியில் இருப்பவர்களும் பெரும்பாலும் இந்த வகையினரே.

நம் மாணவியின் வயது இப்போது 31 ஆகிவிட்டது. இன்னும் நிரந்தர வேலை இல்லை. 'இத்தனை படித்தும் இன்னும் படிப்புத்தானா?' என்று உறவினர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். பதிலைப் பார்ப்போம்.

பட்டம் ஒன்று, தொழில் வேறு

டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சியில் ஒரு வழிகாட்டி இருக்கிறார். எந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வது என்பதைப் பெரும்பாலும் அவர்தான் காட்டுகிறார். எந்தக் கருவி, எந்த முறை என்பதும் அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் ஏற்கெனவே இருப்பதுதான். மாணவர் ஆராய்ச்சி செய்யும் முறையைக் கற்றுக்கொள்கிறார். இது நீச்சல் பழகுவதைப் போன்றது. கரையில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

போஸ்ட்டாக் காலத்தில் செய்ய வேண்டியது வேறு. புதிய இடம், புதிய கருவிகள், புதிய மனிதர்கள். அங்கே அவர் தமக்கென்று ஒரு கேள்வியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பணம் கேட்டு விண்ணப்பம் எழுத வேண்டும். இளைய மாணவர்களுக்கு வழிகாட்ட வேண்டும். நாளை தனியாக ஓர் ஆராய்ச்சிக் கூடத்தை நடத்தக்கூடியவராக மாற வேண்டும்.

ஓர் உதாரணம் சொன்னால் எளிதில் விளங்கும். புழலுக்குப் பக்கத்திலேயே, மாதவரம் பால் பண்ணைப் பகுதியில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக் கழகத்தின் தலைமையகம் இருக்கிறது. இந்தப் பல்கலைக் கழகம் 1989இல் தோன்றியது. 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இதன் மூத்த கல்லூரி. இது போன்ற ஓரிடத்தில் ஒருவர் கோழிகளைத் தாக்கும் வெள்ளைக் கழிச்சல் நோயின் வைரஸைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெறுகிறார் என்று கொள்வோம். வைரஸின் ஒரு புரதம் எப்படி வேலை செய்கிறது என்பது அவருடைய ஆய்வு. பட்டம் வாங்கிய பின் அவருக்கு ஒரு சந்தேகம் எழுகிறது: 'தடுப்பு மருந்தைக் குளிர்ப் பெட்டியில் வைத்துத்தானே கொண்டுபோக வேண்டியிருக்கிறது? குளிர்ப் பெட்டி இல்லாத கிராமத்துக்கு அதை எப்படிக் கெடாமல் கொண்டுபோவது?' இதற்கு விடை காண அவருக்கு வைரஸ் மட்டும் தெரிந்தால் போதாது. மருந்தைப் பொடியாக்கும் வேதியியல் தெரிய வேண்டும். வெப்பத்தைத் தாங்கும் சோதனைகள் தெரிய வேண்டும். இவற்றைக் கற்றுக்கொள்ள வேறோர் ஆராய்ச்சிக் கூடத்தில் போஸ்ட்டாக் ஆகச் சேருகிறார். இரண்டு துறைகளும் கைவசமான பின் அவர் பழைய மாணவர் அல்லர். சொந்தக் கேள்வியுள்ள ஒரு விஞ்ஞானி.

போஸ்ட்டாக் காலத்தின் நோக்கம் இதுதான். இது எங்கே, எப்படித் தொடங்கியது?

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகம் 1876இல் திறக்கப்பட்டபோது, இளம் அறிஞர்கள் கவலையின்றி ஆராய்ச்சி செய்வதற்காக 20 உதவித்தொகைகளை ஏற்படுத்தியது. அவற்றைப் பெற்றவர்களில் முன்பே டாக்டர் பட்டம் வாங்கிய சிலரும் இருந்தார்கள். பிறகு 1919இல் அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் குழு, டாக்டர் பட்டம் பெற்ற இயற்பியல், வேதியியல் அறிஞர்களுக்கென்றே உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. அங்கிருந்து இந்த வழக்கம் உலகெங்கும் பரவியது.

துறைமுகக் குமாஸ்தாவும் பல்கலைக் கழகமும்

ஓர் ஆராய்ச்சி உதவித்தொகை ஒரு மனிதனின் வாழ்க்கையை எவ்வளவு மாற்றும் என்பதற்கு வடசென்னையிலேயே ஒரு சான்று இருக்கிறது.

1912 மார்ச் முதல் தேதி, சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் ஓர் இளைஞர் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். அவர் கல்லூரிப் படிப்பை முடிக்கவில்லை. பட்டம் ஏதும் இல்லை. அவர் பெயர் சீனிவாச ராமானுஜன்.

ராமானுஜனின் கணிதத் திறமை உங்களுக்குத் தெரியும். அவரைச் சுற்றியிருந்தவர்கள் செய்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், அலுவலக மேலாளர் நாராயண ஐயர் இருவரும் அவருடைய ஆற்றலை உணர்ந்து ஆதரித்தார்கள். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னை வந்தபோது அவருடைய நோட்டுப் புத்தகங்களைப் பார்த்தார். 1913 பிப்ரவரி 26ஆம் தேதி, இவருக்கு உதவ வேண்டும் என்று சென்னைப் பல்கலைக் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். பட்டம் பெறாத ஒருவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தருவது வழக்கத்தில் இல்லாத காரியம். எனினும் பல்கலைக் கழகம் துணிந்து அதைச் செய்தது. 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு!

பல்கலைக் கழகம் ஒரே ஒரு நிபந்தனை விதித்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, செய்த வேலையைப் பற்றி அறிக்கை தர வேண்டும். ராமானுஜன் அப்படி மூன்று அறிக்கைகள் தந்தார். 1914 மார்ச்சில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார்.

ராமானுஜன் போஸ்ட்டாக் அல்லர். டாக்டர் பட்டம் வாங்கிய பின் பெற்ற உதவியும் அன்று. ஆனால் ஓர் இளம் ஆய்வாளருக்கு என்னென்ன வேண்டும் என்பதை இந்த நிகழ்ச்சி நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது. சோற்றுக் கவலை இல்லாத சில ஆண்டுகள், வேலையை மதிப்பிட்டுப் பரிந்துரை செய்யும் பெரியவர்கள், அவ்வப்போது 'என்ன செய்தாய்?' என்று கேட்கும் ஓர் ஏற்பாடு, அடுத்து போவதற்கு ஓரிடம். இந்த நான்கும் அவருக்குக் கிடைத்தன.

கிண்டியில் ஓர் ஆராய்ச்சிக் கூடம்

நாற்பது ஆண்டுகள் கழித்து அதே பல்கலைக் கழகத்தின் கிண்டி வளாகத்தில் இன்னொரு நிகழ்ச்சி. 1952இல் இயற்பியல் துறையின் தலைவராகப் பொறுப்பேற்றவர் ஜி.என்.ராமச்சந்திரன். அப்போது அவருக்கு 30 வயது கூட நிறையவில்லை. ஒரு முறை துறையைப் பார்க்க வந்த விஞ்ஞானி பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் புலப்படவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் வலுவைத் தருவது கொலாஜன். அதன் அமைப்பைக் கண்டறிய எக்ஸ் கதிர்களை அதன் ஊடே செலுத்தி, அவை சிதறும் கோலத்தைப் படமெடுக்க வேண்டும். நல்ல படம் கிடைக்க நல்ல மாதிரிப் பொருள் வேண்டுமே? எதிரில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உதவியது. அங்கிருந்து கிடைத்தது ஒரு கங்காருவின் வால் தசைநாண்! அதைக் கொண்டு ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தா என்ற இளம் ஆய்வாளரும் விடை கண்டார்கள். கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்ற அமைப்பை உடையது என்று அவர்கள் 1954இல் வெளியிட்டார்கள்.

அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்று பாருங்கள். கர்த்தா அமெரிக்கா சென்றார். 1967இல் பஃபலோ நகரில் இரண்டு தோழர்களுடன் சேர்ந்து ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் முப்பரிமாண அமைப்பைக் கண்டறிந்தார். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டும் புகழ் பெற்ற வரைபடத்தை 1963இல் ராமச்சந்திரனோடு சேர்ந்து வெளியிட்டவர்கள் சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகிய இருவர். பிற்காலத்தில் அவர்கள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவில் பணியாற்றினார்கள். 1963இலும் 1967இலும் சென்னையில் அனைத்துலகக் கருத்தரங்குகள் நடந்தன. உலகின் பெரிய விஞ்ஞானிகளைச் சென்னை இளைஞர்கள் இங்கேயே நேரில் கண்டு பேசினார்கள்.

இந்தக் கூடம் கண்டுபிடிப்புகளோடு மனிதர்களையும் உருவாக்கியது; உருவாக்கியவர்களை வெளியே அனுப்பவும் செய்தது. வரத்துக் கால்வாயும் மதகும் உள்ள ஏரி என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஐம்பது விண்ணப்பங்கள்

எல்லாருக்கும் வழி இவ்வளவு எளிதாகத் திறந்துவிடுவதில்லை. சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் கதையைக் கேளுங்கள்.

அவர் பரோடாவில் வளர்ந்து, இயற்பியலில் பட்டம் பெற்று, அமெரிக்காவில் ஒஹாயோ பல்கலைக் கழகத்தில் 1976இல் டாக்டர் பட்டமும் பெற்றார். ஆனால் மனம் உயிரியலை நாடியது. டாக்டர் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே, சான் டியாகோவில் மீண்டும் மாணவராக உட்கார்ந்து இரண்டு ஆண்டுகள் உயிரியல் படித்தார். பிறகு 1978 முதல் 1982 வரை யேல் பல்கலைக் கழகத்தில் பீட்டர் மூர் என்பவரிடம் போஸ்ட்டாக். அங்கேதான் ரைபோசோம் ஆராய்ச்சியில் இறங்கினார். ரைபோசோம் என்பது உயிரணுவுக்குள் புரதங்களைச் செய்யும் தொழிற்சாலை.

போஸ்ட்டாக் காலம் முடிந்தது. ஆசிரியர் வேலை கேட்டு ஏறத்தாழ 50 கல்லூரிகளுக்கும் பல்கலைக் கழகங்களுக்கும் விண்ணப்பம் அனுப்பினார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஓக் ரிட்ஜ் தேசிய ஆராய்ச்சிக் கூடத்தில் சிறிது காலம் இருந்தார். 1983இல் புரூக்ஹேவன் தேசிய ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்து 12 ஆண்டுகள் பணியாற்றினார். ஏறத்தாழ 40 வயதில், படிக விளைவுகளைக் கொண்டு மூலக்கூறுகளின் அமைப்பைக் காணும் முறையைக் கற்றுக்கொள்ள ஓராண்டு விடுப்பில் கேம்பிரிட்ஜ் போனார். 1999இல் அங்கேயே நிரந்தரமாகச் சேர்ந்தார். 2000இல் ரைபோசோமின் சிறு பகுதியின் அமைப்பை அவருடைய குழு வெளியிட்டது. 2009இல் தாமஸ் ஸ்டெய்ட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் வேதியியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

'பார்த்தீர்களா, விடாமுயற்சி வெல்லும்' என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது பாதி உண்மையே. ஆசிரியர் வேலை கிடைக்காத ஒருவரை ஏற்றுக்கொள்ள அந்த நாட்டில் தேசிய ஆராய்ச்சிக் கூடங்கள் இருந்தன. பிரதான மதகு மூடியிருந்தபோது பக்க மதகு ஒன்று திறந்திருந்தது. அதுவும் இல்லாமல் போயிருந்தால், அவருடைய விடாமுயற்சி மட்டும் என்ன செய்திருக்கும்?

எத்தனை மதகுகள்?

நம் நாட்டில் ஒரு போஸ்ட்டாக் எங்கெங்கே போகலாம்? முக்கியமான வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது, கல்லூரி அல்லது பல்கலைக் கழக ஆசிரியர் வேலை. பல்கலைக் கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிகளில், பல்கலைக் கழக உதவிப் பேராசிரியர் பதவிக்கு நேர்முகத் தேர்வுக்கு யாரை அழைப்பது என்று முடிவு செய்ய ஒரு மதிப்பெண் பட்டியல் உண்டு. கற்பித்தல் அல்லது போஸ்ட்டாக் அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 மதிப்பெண் வீதம் 10 வரை அதில் ஒதுக்கியிருந்தார்கள்.

இரண்டாவது, ஆராய்ச்சி நிலையங்கள். சென்னையைச் சுற்றியே எத்தனை! அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிலையம், கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம்.

மூன்றாவது, சொந்தமாக ஆராய்ச்சி நடத்தப் பல ஆண்டுகள் பணம் தரும் திட்டங்கள். 'இன்ஸ்பயர்' ஆசிரியர் திட்டம் 5 ஆண்டுகளுக்கு உதவுகிறது. வெளிநாட்டிலிருந்து திரும்பும் விஞ்ஞானிகளுக்கென்று ஏற்பட்ட ஒரு திட்டத்துக்கு நம் துறைமுகக் குமாஸ்தாவின் பெயரையே வைத்தார்கள்: ராமானுஜன் ஆய்வு நல்கை!

நான்காவது, தொழிற்சாலை. புழலிலிருந்து கிழக்கே பார்த்தால் மணலி. அங்கே 1965இல் தோன்றிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனமும் அதைச் சுற்றி உரம், பெட்ரோ ரசாயன ஆலைகளும் உண்டு. கழிவுநீரை எப்படித் தூய்மையாக்குவது? காற்றில் கலக்கும் வாயுக்களை எப்படி அளப்பது? துருவை எப்படித் தடுப்பது? இவையெல்லாம் ஆராய்ச்சிக் கேள்விகளே. மணலியிலும் எண்ணூரிலும் வசிப்பவர்களுக்கு இவை அன்றாட வாழ்க்கைக் கேள்விகளும் ஆகும்.

ஐந்தாவது, பலரும் நினைத்துப் பாராத வேலைகள். கண்டுபிடிப்புகளுக்கு உரிமம் தருமுன் அவற்றைச் சோதிப்பவர், மருந்துகளின் பாதுகாப்பை மதிப்பிடுபவர், புள்ளிவிவரங்களை ஆராய்பவர், அறிவியல் எழுத்தாளர், சொந்தமாகச் சிறு நிறுவனம் தொடங்குபவர். இந்த வேலைகளில் போவது தோல்வி என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அது தவறு. கீழ்ப்பாக்கத்துக்குப் போகும் நீர் உயர்ந்தது, மாதவரத்துக்குப் போகும் நீர் தாழ்ந்தது என்று யாராவது சொல்வார்களா?

ஏரி ஏன் தேங்குகிறது?

வழிகள் இத்தனை இருக்க, கஷ்டம் எங்கே வருகிறது?

காலக்கெடு முதல் கஷ்டம். திட்டம் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் முடியும். முடிந்தால் சம்பளமும் முடியும். மத்திய அரசுத் திட்டங்களில் ரிசர்ச் அசோசியேட்டுக்கு 2023 ஜனவரி முதல் அனுபவத்துக்கு ஏற்ப மாதம் 58,000 முதல் 67,000 ரூபாய் வரை என்று நிர்ணயித்தார்கள். தொகை குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த ஆண்டும் வருமா என்று தெரியாத பணத்தை நம்பி வீட்டுக் கடன் வாங்க முடியுமா? தங்கையின் படிப்புக்குப் பொறுப்பேற்க முடியுமா? குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவருக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகக் குத்தும்.

வயது வரம்பு இரண்டாவது கஷ்டம். தேசிய அளவிலான போஸ்ட்டாக் உதவித்தொகை 35 வயது என்ற வரம்போடு தொடங்கியது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் 5 ஆண்டுகள் சலுகை உண்டு. திருமணம், மகப்பேறு என்று இரண்டு மூன்று ஆண்டுகள் ஒதுங்கிய பெண் விஞ்ஞானிக்கு இந்தக் கடிகாரம் மிக வேகமாக ஓடுகிறது. அப்படி இடையில் நின்றவர்கள் மீண்டும் ஆராய்ச்சிக்கு வருவதற்காகவே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03இல் பெண் விஞ்ஞானிகள் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

மூன்றாவது கஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. போஸ்ட்டாக் மாணவரும் அல்லர், ஆசிரியரும் அல்லர். மாணவர் சங்கத்தில் இடமில்லை. ஆசிரியர் கூட்டத்திலும் இடமில்லை. தலைமை விஞ்ஞானியின் திட்டத்தை முடித்துக் கொடுப்பதிலேயே அவருடைய காலம் போய்விடுகிறது. 'உன் அடுத்த படி என்ன?' என்று அவரை ஒருவரும் கேட்பதில்லை. ராமானுஜனுக்குக் கிடைத்த நான்கில் முதலாவது மட்டும் இவருக்குக் கிடைக்கிறது. மற்ற மூன்றும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தவை.

பல்கலைக் கழகம் என்ன செய்ய வேண்டும்?

அதிர்ஷ்டத்துக்கு விடாமல் இதை ஓர் ஏற்பாடாகச் செய்ய முடியும் என்று சில நாடுகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்காவில் போஸ்ட்டாக் ஆய்வாளர்கள் 2003இல் தங்களுக்கென்று ஒரு தேசியச் சங்கமே அமைத்துக்கொண்டார்கள். பிரிட்டனில் பல்கலைக் கழகங்களும் பணம் தரும் நிறுவனங்களும் சேர்ந்து ஓர் உடன்படிக்கை செய்தன. 2019இல் திருத்தப்பட்ட அந்த உடன்படிக்கையின்படி, ஒவ்வோர் ஆய்வாளருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 10 நாட்கள் அவருடைய சொந்த முன்னேற்றத்துக்காக ஒதுக்க வேண்டும். அந்த நாட்களில் அவர் பாடம் நடத்தப் பழகலாம். விண்ணப்பம் எழுதக் கற்கலாம். ஒரு தொழிற்சாலைக்குப் போய்ப் பார்க்கலாம்.

பத்து நாள் என்பது ஓர் ஆண்டில் முப்பத்தாறில் ஒரு பங்கு. இதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம். விலையுயர்ந்த கருவி வேண்டாம். நம் பல்கலைக் கழகங்களிலும் செய்யக்கூடியவை பல. ஆண்டுக்கு ஒரு முறை, ஆராய்ச்சியைப் பற்றி அல்லாமல் ஆய்வாளரின் எதிர்காலத்தைப் பற்றி மட்டும் பேசும் ஒரு சந்திப்பு. தலைமை விஞ்ஞானியைத் தவிர ஆலோசனை கேட்க இன்னொரு மூத்தவர். பருவத்துக்குச் சில வகுப்புகள் எடுக்கும் வாய்ப்பு. ஆராய்ச்சிப் பணத்துக்கு விண்ணப்பம் எழுதும் பயிற்சி. ஆராய்ச்சி நிலையங்களிலும் ஆலைகளிலும் வேலை செய்யும் பழைய போஸ்ட்டாக்குகளை அழைத்துப் பேசச் செய்தல். முன்பு இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எழுதி வைக்கும் ஒரு பதிவேடு.

கடைசியாகச் சொன்ன பதிவேடு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் புழல் ஏரியில் எவ்வளவு நீர் வந்தது, எவ்வளவு வெளியே போனது என்று நாள் தவறாமல் அளந்து எழுதுகிறார்களே, எதற்காக? அளக்காத ஏரியை ஆள முடியாது. எத்தனை பேருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தோம் என்று பட்டமளிப்பு விழாவில் பெருமையோடு அறிவிக்கும் பல்கலைக் கழகம், அவர்கள் பத்தாண்டுகள் கழித்து என்ன ஆனார்கள் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு விஞ்ஞானியை உருவாக்கப் பெற்றோரும் ஆசிரியர்களும் அரசும் சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கிறார்கள். கடைசி மூன்று ஆண்டுகளில் வழி தெரியாமல் அவர் ஆராய்ச்சியையே விட்டுப் போனால், நஷ்டம் அவருக்கு மட்டும் அன்று. அவர் விடை கண்டிருக்கக்கூடிய கேள்வியும் அவரோடு போய்விடுகிறது.

நீங்கள் இன்றே செய்யலாம்

'நாங்கள் ஒன்பதாம் வகுப்புத்தானே படிக்கிறோம், எங்களுக்கு எதற்கு இதெல்லாம்?' என்று நீங்கள் கேட்கலாம். போஸ்ட்டாக் காலத்தில் தேவைப்படும் மிக முக்கியமான பழக்கத்தை இப்போதே தொடங்க முடியும். அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும்.

ராமானுஜன் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை கொடுத்தார் அல்லவா? நீங்களும் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். இந்த மூன்று மாதத்தில் எனக்குத் தோன்றிய கேள்வி என்ன? அதற்கு விடை காண நான் என்ன செய்து பார்த்தேன்? எது தெரியாததால் நின்றுபோனேன்? அதை யாரிடம் கேட்டுக் கற்கலாம்? இந்த நான்குக்கும் நேர்மையாக விடை எழுதுங்கள். கேள்வி பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. 'புழல் ஏரி நிரம்பியிருக்கும்போது எங்கள் தெருக் கிணற்றில் நீர் மட்டம் ஏறுகிறதா?' என்பது நல்ல கேள்வி. ஒரு கயிறும் ஒரு கல்லும் இருந்தால், பெரியவர் ஒருவரின் துணையோடு வாரம் ஒரு முறை அளந்துவிடலாம். ஏரியின் நீர்மட்டம் செய்தித்தாளில் வருகிறது. இரண்டையும் ஒரே வரைபடத்தாளில் குறித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் பள்ளிக்கு அருகில் கல்லூரியோ ஆராய்ச்சி நிலையமோ இருந்தால், உங்கள் அறிவியல் ஆசிரியர் மூலம் அங்குள்ள ஓர் இளம் ஆய்வாளரைப் பேச அழையுங்கள். பெரிய பேராசிரியர்களை எல்லோரும் அழைக்கிறார்கள். போஸ்ட்டாக்கை யாரும் அழைப்பதில்லை. அவர் என்ன கண்டுபிடித்தார் என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தச் சோதனை பலிக்கவில்லை, அப்போது என்ன செய்தார், அடுத்து எங்கே போக நினைக்கிறார் என்றும் கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்வியை அவரிடம் முதன்முதலாகக் கேட்டவர்கள் நீங்களாகவே இருக்கக்கூடும்.